நிகழாத விபத்துகளின் கணக்கு: காணொளிப் பகுப்பாய்வும் சாலைப் பாதுகாப்பும்

சாலைப் பாதுகாப்பு ஆய்வு நெடுங்காலமாக ஒரே சான்றை நம்பி நடந்து வந்திருக்கிறது. காவல் நிலையத்தில் பதிவாகும் விபத்து வழக்கே அச்சான்று. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த வாகனம் எதன்மீது மோதியது, எத்தனை பேர் இறந்தனர், எத்தனை பேர் காயமுற்றனர் என்ற விவரங்களைத் தொகுத்து, விபத்து மிகுந்த இடங்களை வரைபடத்தில் புள்ளியிட்டு, அங்கே வேகத்தடையோ நடுத்தடுப்போ சிக்னலோ அமைப்பது உலகெங்கும் பழகிய நடைமுறை. ஒரு சந்திப்பு ஆபத்தானது என்று ஏட்டில் நிறுவப்படுவதற்கு அங்கே போதுமான எண்ணிக்கையில் மனிதர்கள் அடிபட்டிருக்க வேண்டும் என்பது இந்நடைமுறையின் உள்ளே ஒளிந்திருக்கும் நிபந்தனை. அந்நிபந்தனையிலிருந்து விடுபட்டு, மோதல் நிகழாமல் தப்பிய தருணங்களைக் கொண்டே சாலையின் தன்மையை அறிய முடியுமா என்ற கேள்வியும், அக்கேள்விக்குக் கேமராவும் கணினியும் தந்திருக்கும் விடையும், அவ்விடை இந்தியச் சாலைகளுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதும் இச்சொற்பொழிவின் பொருள்.

விபத்துப் பதிவேடு எதை அளக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தியாவில் அவ்வாண்டு 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். விபத்து எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்குடன் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. உயிரிழப்பில் 17,884 பேருடன் இரண்டாமிடம். உயிரிழப்பில் முதலிடம் பெற்ற உத்தரப் பிரதேசத்தில் 41,746 விபத்துகளில் 22,595 பேரும், கேரளத்தில் 43,910 விபத்துகளில் 4,317 பேரும் இறந்தனர். அதாவது நூறு விபத்துக்கு உத்தரப் பிரதேசத்தில் 54 பேர், தமிழ்நாட்டில் 28 பேர், கேரளத்தில் 10 பேர். சாலை, வேகம், மருத்துவ வசதி ஆகியவற்றின் வேறுபாடு மட்டுமே இவ்விகிதத்தை இந்த அளவுக்கு மாற்றிவிடும் என்று நம்புவது கடினம். இறப்பு நேர்ந்தால் வழக்கு பதிவாகியே தீர வேண்டியிருக்க, கால் முறிவும் சிராய்ப்பும் நேரும் விபத்துகள் ஓரிடத்தில் ஏட்டில் ஏறுவதும் இன்னோரிடத்தில் சாலையோரச் சமரசத்தில் முடிவதும் இவ்வெண்களுக்குள் பெரும்பங்கு கலந்திருக்கின்றன என்று கொள்வதே பொருத்தம். பதிவேடு சாலையை அளக்கிறதா, பதிவு செய்யும் பழக்கத்தை அளக்கிறதா என்பதைப் பிரித்தறியப் பதிவேட்டுக்குள்ளேயே வழியில்லை.

பதிவு முழுமையாக இருந்தாலும் இன்னொரு இடையூறு நீங்குவதில்லை. ஒரு தனிச் சந்திப்பை எடுத்துக்கொண்டால் விபத்து என்பது அரிய நிகழ்வு. சராசரியாக ஆண்டுக்கு மூன்று விபத்துகள் நிகழும் ஒரு சந்திப்பில், எதையும் மாற்றாமல் விட்டாலும், ஏதேனும் ஓராண்டில் அவ்வெண்ணிக்கை ஒன்றாகவோ ஒன்றுமில்லாமலோ போவதற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பது எளிய நிகழ்தகவுக் கணக்கு. விபத்து மிகுந்திருந்த ஆண்டைப் பார்த்தே அந்த இடம் தேர்ந்தெடுக்கப்படுவதால், அடுத்த ஆண்டில் எண்ணிக்கை இயல்பாகவே இறங்கும். புள்ளியியலார் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பர். வேகத்தடை அமைத்ததும் விபத்து பாதியாகக் குறைந்தது என்று வெளியாகும் அறிவிப்புகளுள் பல இந்த இயல்பான இறக்கத்தைத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொண்டவையே.

மோதாமல் தப்பியவற்றை எண்ணும் யோசனை 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் முறையான வடிவம் பெற்றது. தம் நிறுவனக் கார்கள் பிற கார்களைவிட வேறுவிதமாக ஓட்டப்படுகின்றனவா என்று அறியும் நோக்கில், பெர்கின்ஸ், ஹாரிஸ் என்ற இருவர், சந்திப்புகளில் பிரேக் விளக்கு திடீரென எரிவதையும் வாகனம் சட்டென விலகுவதையும் எண்ணத் தொடங்கினர். வணிக நோக்கில் பிறந்த இக்கருவி அதன் வணிகப் பயனைவிட நெடுநாள் வாழ்ந்தது. 1977இல் ஆஸ்லோவில் கூடிய ஆய்வாளர்கள் அதற்கு ஒரு பொது வரையறை தந்தனர்: சாலையைப் பயன்படுத்தும் இருவரோ பலரோ, தத்தம் இயக்கம் மாறாமல் தொடர்ந்தால் மோதிக்கொள்ளும் ஆபத்து உண்டாகும் அளவுக்கு, இடத்தாலும் காலத்தாலும் ஒருவரையொருவர் நெருங்கும், புறத்தே காணத்தக்க நிலை. இந்நிலையை இங்கே மோதல்நெருக்கம் என்று குறிப்பிடலாம். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டர் ஹைடேன் 1987இல் இதை ஒரு பிரமிடாக உருவகப்படுத்தினார். அடியில் இடையூறில்லாத பயணங்கள், அதற்கு மேல் இலேசான நெருக்கங்கள், அதற்கும் மேல் கடுமையான நெருக்கங்கள், உச்சியில் காயமும் சாவும். உச்சியின் பரப்பு சிறிது. அடுத்தடுத்த அடுக்குகள் அகன்றவை. அகன்ற அடுக்கில் சில மணி நேரம் நின்று பார்த்தாலே எண்ணத்தக்க அளவுக்கு நிகழ்வுகள் கிடைத்துவிடும்.

நெருக்கத்தை அளக்க இரண்டு அளவைகள் நிலைபெற்றுள்ளன. முதலாவது, மோதலுக்கு எஞ்சிய நேரம். இருவரும் அதே வேகத்தில், அதே திசையில் தொடர்ந்தால் மோதுவதற்கு இன்னும் எத்தனை விநாடி என்பதே அது. 1970களின் தொடக்கத்தில் ஹேவர்ட் என்பவர் இதை முன்வைத்தார். முன்னே நிற்கும் பேருந்துக்கும் பின்னே வரும் காருக்கும் 15 மீட்டர் இடைவெளி இருந்து, கார் விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் எஞ்சிய நேரம் ஒன்றரை விநாடி. இரண்டாவது, கடவு இடைவெளி. குறுக்கிடும் இரு பாதைகளின் பொது இடத்தை முதலில் வந்தவர் விட்டு நீங்கிய கணத்துக்கும், அடுத்தவர் அதே இடத்தை அடைந்த கணத்துக்கும் உள்ள நேரம். 1978இல் கனடாவில் ஆலனும் அவருடைய கூட்டாளிகளும் வரையறுத்த இவ்வளவைக்கு எவ்வித ஊகமும் தேவையில்லை. நிகழ்ந்து முடிந்ததை மட்டுமே அது அளக்கிறது.

இவ்வளவைகள் தாளில் எளியவை, தெருவில் கடினமானவை. பயிற்சி பெற்ற நோக்கர்கள் சந்திப்பு ஓரத்தில் நாள் முழுதும் நின்று, வேகத்தையும் தொலைவையும் கண்ணால் மதிப்பிட்டுக் குறிப்பெடுத்தனர். ஒரே நிகழ்வை ஒருவர் கடுமையானது என்றார், மற்றொருவர் பொருட்படுத்தவில்லை. மாலையில் களைத்த கண் காலையில் கண்ட அளவு காணவில்லை. 1983இல் சுவீடனின் மால்மோ நகரில் பல நாட்டுக் குழுக்களை ஒரே சந்திப்புகளின் முன் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு இந்தக் கவலை வளர்ந்தது. கேமராவை நாடும் தேவை இங்கிருந்துதான் எழுந்தது.

காணொளித் தானியங்கிப் பகுப்பாய்வு என்பது மூன்று வேலைகளின் தொகுப்பு: படத்தில் அசைவனவற்றைக் கண்டறிதல், அவற்றைச் சட்டகம் சட்டகமாகத் தொடர்தல், படத்தில் உள்ள இருப்பிடத்தைச் சாலையில் உள்ள இருப்பிடமாக மாற்றுதல். 2000களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாரிக் சயீத்தும், பின்னர் மான்ட்ரியாலில் பணியாற்றிய நிக்கோலா சோனியேயும் அவர்களுடன் உழைத்தவர்களும் உருவாக்கிய முறையில், வாகனத்தை முழு உருவமாகக் காண முயலாமல், அதன் மேற்பரப்பில் தெளிவாகத் தெரியும் மூலைகளையும் விளிம்புகளையும் அடையாளப் புள்ளிகளாகக் கொண்டு, ஒன்றுபோல நகரும் புள்ளிகளை ஒரே வாகனம் என்று கட்டுச் சேர்த்தனர். வாகனத்தின் ஒரு பகுதி மறைந்தாலும் மீதப் புள்ளிகள் அதைக் காட்டிக்கொடுக்கும் என்பது இம்முறையின் வலிமை. அருகருகே ஒரே வேகத்தில் செல்லும் இரண்டு ஸ்கூட்டர்கள் ஒன்றாகிவிடுவதும், நீண்ட பேருந்து இரண்டு வாகனங்களாகப் பிளந்துவிடுவதும் அதன் பலவீனம்.

மூன்றாவது வேலை பொதுமக்களின் பேச்சில் இடம்பெறுவதேயில்லை. ஆனால் பிழைகள் மிகுதியாகப் புகும் வாசல் அதுவே. உயரத்தில் சாய்வாகப் பொருத்திய கேமராவின் படத்தில் அருகிலுள்ள ஒரு மீட்டர் பல படப்புள்ளிகளையும் தொலைவிலுள்ள ஒரு மீட்டர் சில படப்புள்ளிகளையும் பெறும். நிறுத்தக்கோட்டின் முனைகள், வரிக்குதிரைக் கோடுகளின் மூலைகள் போன்று, உண்மையான தொலைவை நாடா பிடித்து அளந்து வைத்திருக்கும் குறைந்தது நான்கு இடங்களைப் படத்தில் அடையாளம் கண்டு, அவற்றைக் கொண்டு படத்தளத்தைச் சாலைத்தளத்தோடு பொருத்தும் கணிதமே இதற்குத் தீர்வு. இக்கணிதம் எல்லாப் பொருள்களும் தரையில் படிந்திருப்பதாகக் கொள்வதால், பேருந்தின் கூரையில் கண்ட புள்ளி, கேமராவிலிருந்து மேலும் தள்ளி உள்ள தரையில் கிடப்பதாகக் கணக்கிடப்படும். விநாடிக்கு 25 சட்டகம் எடுக்கும் கேமராவில், மேலே கண்ட கார் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 40 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. இருப்பிடக் கணிப்பிலுள்ள நடுக்கம் வேகத்தில் பெருகித் தெரிவதற்கு இதுவே காரணம். வேகத்தில் விநாடிக்கு 2 மீட்டர் பிழை நேர்ந்தால் முன்சொன்ன ஒன்றரை விநாடி, ஒன்றேகாலாகவோ ஒன்றேமுக்கால் விநாடிக்கும் கூடுதலாகவோ மாறிவிடும். ஒன்றரை விநாடிக்குக் கீழ்ப்பட்டவற்றையே கடுமையானவை என்று எண்ணும் ஆய்வில், இப்பிழை நிகழ்வுகளைக் கோட்டின் இப்பக்கமும் அப்பக்கமும் தள்ளிவிடும். பிழையைச் சீராக்கும் வடிகட்டிகள் உண்டென்றாலும், திடீர்ப் பிரேக்கையும் அவை நடுக்கம் என்று கருதி மழுப்பிவிடக்கூடும். காண வந்த ஒன்றையே துடைத்துவிடும் சீராக்கத்தால் என்ன பயன்?

2015க்குப் பின் ஆழ்கற்றல் என்னும் முறை முதலிரண்டு வேலைகளின் முகத்தை மாற்றிவிட்டது. பல்லாயிரம் படங்களில் மனிதர் கையால் பெயரிட்டுக் கொடுத்த உருவங்களைப் பார்த்துப் பார்த்துத் தானே வகைப்படுத்தக் கற்கும் நரம்பணி வலையமைப்புகள், இன்று கார், பேருந்து, மிதிவண்டி, பாதசாரி ஆகியவற்றை ஒரு சட்டகத்துக்குள் பிரித்துக் காட்டுகின்றன. எனினும் கற்றுக்கொடுத்ததைத்தான் அவை காணும். 2014இல் வெளியாகி உலகெங்கும் அடிப்படைப் பாடநூலாகப் பயன்படும் கோகோ என்ற படத்தொகுப்பில் உள்ள 80 வகைகளுள் காரும் பேருந்தும் லாரியும் மட்டுமல்ல, யானையும் வரிக்குதிரையும்கூட உண்டு; ஆட்டோ ரிக்ஷா இல்லை. அதை மட்டுமே கற்ற கருவி சென்னைத் தெருவைப் பார்த்தால் ஆட்டோவைக் கார் என்றோ லாரி என்றோ எழுதிவைக்கும். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யின் முயற்சியில், ஹைதராபாத், பெங்களூரு சாலைகளிலிருந்து 10,000 படங்களைத் தொகுத்து உருவான இந்தியச் சாலைப் படத்தொகுப்பு, ஆட்டோவுக்குத் தனி இடம் கொடுத்து இக்குறையைக் களைந்தது. சாலைப் பாதுகாப்பில் படங்களுக்குப் பெயரிடும் இந்த அலுப்பான வேலை, புதிய கணிப்பு முறைகளைக் கண்டுபிடிப்பதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

இம்முறையால் கிடைத்த பயன்களுக்குக் கனடாவின் பென்டிக்டன் நகரில் நிகழ்ந்த ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்வதால் வலப்பக்கத் திருப்பமே நம் ஊரில் ஃப்ரீ லெஃப்ட் எனப்படும் தடையற்ற இடப்பக்கத் திருப்பத்துக்கு இணையானது. அத்திருப்பத்தின் கோணத்தை மாற்றி, திரும்பும் ஓட்டுநர் கழுத்தை அதிகம் வளைக்காமலே குறுக்கே வரும் வாகனத்தைக் காணுமாறு அமைத்தனர். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த காணொளிகளைக் கணினி ஆராய்ந்ததில் மணிக்கு நிகழும் மோதல்நெருக்கங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன என்று 2012இல் வெளியான ஆய்வு கூறியது. விபத்து வழக்குகளைக் கொண்டு இதே முடிவை எட்டச் சில ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்திருக்கும். கலிபோர்னியாவின் ஓக்லண்டில், சீனர்கள் மிகுந்து வாழும் பகுதியில், எல்லா வாகனங்களையும் நிறுத்திவிட்டுப் பாதசாரிகள் எந்தத் திசையிலும், மூலைக்கு மூலையாகக்கூடக் கடக்க விடும் சிக்னல் முறை இவ்வாறே மதிப்பிடப்பட்டது. பாதசாரியைப் பற்றி இக்கருவி சொல்லும் செய்தி வாகனத்தைப் பற்றியதைவிட நுட்பமானது. நடப்பவரின் வேகம் ஒவ்வோர் அடிக்கும் சற்றே ஏறி இறங்குவதால், அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணி, அவர் நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார், ஓரடியின் நீளம் என்ன என்பதைக் கணக்கிடலாம். அடி குறுகி, எண்ணிக்கை திடீரெனக் கூடினால் அவர் எதற்கோ அஞ்சி விரைகிறார் என்பது, அவருடைய முகத்தைக் காணாமலே தெரிந்துவிடும்.

இந்தியச் சாலைக்கு இம்முறையைக் கொண்டுவரும்போது எழும் முதன்மையான கேள்வி, நெருக்கம் என்பதே ஆபத்தா என்பது. ஒன்றரை விநாடி என்ற எல்லை சுவீடன் நகரச் சாலைகளைக் கண்டு வகுத்தது. வழித்தடக் கோட்டுக்குள் வரிசையாகச் செல்லும், முன்னுரிமை விதியை நம்பி ஓடும் போக்குவரத்து அது. நம் நகரச் சந்திப்பில் கார், பேருந்து, ஆட்டோ, இருசக்கர வாகனம், மிதிவண்டி, தள்ளுவண்டி ஆகிய அனைத்தும் ஒரே தளத்தைப் பகிர்கின்றன. கிடைத்த இடுக்கில் நுழைவதே இங்கே நகர்தலின் இலக்கணம். நான்கு வரிசை வாகனங்களைக் கடக்க வேண்டிய பாதசாரி நான்கும் நிற்கும்வரை காத்திருப்பதில்லை. முதல் வரிசையைக் கடந்து, இரண்டாவதன் இடைவெளிக்குக் காத்து, கையைக் காட்டி, மூன்றாவதற்குள் கால் வைக்கிறார். அவருக்கும் ஒவ்வொரு வாகனத்துக்கும் இடையிலான கடவு இடைவெளி ஒரு விநாடிக்குக் குறைவாக இருக்கக்கூடும். சுவீடன் எல்லையை அப்படியே பொருத்தினால் அந்த ஒரு மனிதர் சாலையைக் கடந்து முடிப்பதற்குள் நான்கு கடுமையான நெருக்கங்கள் பதிவாகிவிடும். ஒரு மணி நேரத்தில் அந்தச் சந்திப்பு முழுவதுமே சிவப்பாகத் தெரியும். எங்கும் ஆபத்து என்று சொல்லும் கருவி எங்கே கைவைப்பது என்று சொல்லத் தவறிவிடும்.

2015இல் ஷாங்காய் நகரச் சந்திப்பு ஒன்றில் மோட்டார் சைக்கிள்களைக் குறித்து சயீத் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இக்கேள்வியை நேரடியாக எழுப்பியது. நெருங்கி ஓட்டுவதே வழக்கமாகிவிட்ட இடத்தில், எஞ்சிய நேரத்தைவிட, தப்பிப்பதற்காக ஓட்டுநர் செய்த செயலே ஆபத்தை நன்கு காட்டுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. பிரேக்கை எவ்வளவு வெடுக்கென அழுத்தினார் என்பதை முடுக்கம் மாறும் வீதமும், ஹேண்டில்பாரை எவ்வளவு சடாரெனத் திருப்பினார் என்பதை வண்டியின் திசை மாறும் வீதமும் காட்டிவிடுகின்றன. இது ஜெனரல் மோட்டார்ஸ் நோக்கர்கள் எண்ணிய பிரேக் விளக்குக்கே திரும்புவதாகும். நடுவில் வந்த விநாடிக் கணக்கு ஒழுங்கு மிக்க சாலைகளுக்குரிய குறுக்குவழி என்றே கொள்ளத் தோன்றுகிறது. அன்றாட நெருக்கத்தில் இரு தரப்பும் ஒருவரையொருவர் கண்டிருக்கிறார்கள், வேகம் குறைவு, உடன்பாடு கண்ணாலும் ஹாரனாலும் முடிந்துவிடுகிறது. ஆபத்து, அந்த உடன்பாடு தவறும் இடத்தில், ஒருவர் மற்றவரைக் காணாத கணத்தில் பிறக்கிறது; அதன் தடயம் தொலைவில் இல்லை, திடுக்கிட்ட அசைவில் இருக்கிறது. இந்தியச் சாலைக்குரிய அளவை இந்தத் திடுக்கிடலின் மீது கட்டப்பட வேண்டும் என்பதே இச்சொற்பொழிவின் துணிபு.

அப்படிக் கட்டுவதற்கு இச்சாலைகளின் இயல்பான அசைவு என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். அத்திசையில் ஒரு முன்னோடி முயற்சி சென்னையிலேயே நடந்திருக்கிறது. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் 245 மீட்டர் நீளப் பகுதியில் எடுத்த காணொளியிலிருந்து ஏறத்தாழ 3,000 வாகனங்களின் இயக்கப்பாதைகளை, அரை விநாடிக்கு ஒரு புள்ளி வீதம் பிரித்தெடுத்து, கனகராஜ், அசைதம்பி, டோலிடோ, லீ ஆகியோர் 2015இல் வெளியிட்டனர். வழித்தடம் பேணாத கலப்புப் போக்குவரத்தில் வாகனங்கள் பக்கவாட்டில் எவ்வளவு நகர்கின்றன, எவ்வகை வாகனத்துக்குப் பின்னே எவ்வளவு இடைவெளி விடுகின்றன என்று ஆராய உலகின் பல பகுதி ஆய்வாளர்களுக்கு இது இன்றும் பயன்படுகிறது. அதன் அடிப்படைக் காணொளி அரை மணி நேரத்தது.

நெருக்கங்களிலிருந்து விபத்தைக் கணிக்க முடியுமா என்ற ஐயத்துக்கும் ஒரு சொல் வேண்டும். 1953இன் பெருவெள்ளத்துக்குப் பின் நெதர்லாந்து நாட்டவர் கடற்கரையணைகளின் உயரத்தை முடிவு செய்தபோது, இதுவரை கண்டிராத உயரத்துக்கு அலை எழும் வாய்ப்பை, கண்ட உயரங்களின் வரிசையிலிருந்தே கணித்தனர். உச்சமதிப்புக் கோட்பாடு எனப்படும் இக்கணிதத்தை, 2006இல் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோங்சித்ருக்ஸாவும் டார்கோவும் சந்திப்புகளின் கடவு இடைவெளிக்குப் பொருத்தினர். இடைவெளி சுழியத்தைத் தொடுவதே மோதல்; பதிவான மிகக் குறுகிய இடைவெளிகள் எவ்வாறு பரவியுள்ளன என்பதிலிருந்து சுழியத்தைத் தொடும் வாய்ப்பு கணிக்கப்படுகிறது. கணிப்பின் பிழை எல்லை இன்னும் அகலமானதே. ஆயினும், ஒரு விபத்தும் பதிவாகாத சந்திப்பைப் பற்றி ஏதேனும் சொல்லக்கூடிய வழி இது என்பதை மறுக்க இயலாது.

கேமரா என்றதும் அபராதச் சீட்டு நினைவுக்கு வருவது இயல்பு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 136ஏ பிரிவு மின்னணுக் கண்காணிப்புக்கு இடம் தந்தபின் அந்நினைவு மேலும் வலுத்திருக்கிறது. ஆனால் இரு வேலைகளும் வேறு. அபராதத்துக்கு எண்பலகை வேண்டும், முகம் வேண்டும், ஒரு குற்றவாளி வேண்டும். நடத்தை ஆய்வுக்கு வேண்டியவை நகரும் புள்ளிகளும் அவற்றின் நேரமும் மட்டுமே. இயக்கப்பாதையைப் பிரித்தெடுத்தபின் காணொளியை அழித்துவிட்டாலும் ஆய்வுக்கு இழப்பில்லை. இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில், ஒரே சர்வரில் வைப்பது நிர்வாகத்துக்கு வசதியாக இருக்கலாம். தன்னைத் தண்டிக்க நிற்கும் கேமராவின் முன் மனிதர் இயல்பாக நடந்துகொள்வதில்லை என்பதாலேயே அது ஆய்வுக்குக் கேடு.

தமிழ்நாட்டுச் சந்திப்புகளில் தடுப்புகள் நாள்தோறும் நகர்த்தப்படுகின்றன. யூ-டர்ன்கள் அடைக்கப்படுகின்றன, திறக்கப்படுகின்றன. புதிய வேகத்தடைகள் ஓரிரவில் முளைக்கின்றன. அவற்றுள் எது பயன் தந்தது என்பதைச் சொல்ல மாற்றத்துக்கு முந்தைய பதிவு வேண்டும். அது இல்லாவிட்டால் பின்னர் எத்தனை கேமரா பொருத்தினாலும் ஒப்பிட எதுவும் இராது. எனவே நெடுஞ்சாலைத் துறைக்கும், மாநகராட்சிகளுக்கும், போக்குவரத்துக் காவல் துறைக்கும் வைக்கத்தக்க வேண்டுகோள் சிறியது: ஒரு சந்திப்பை மாற்றுவதென்று முடிவான பின், வேலை தொடங்குவதற்கு முன், ஒரு வேலை நாளும் ஒரு விடுமுறை நாளுமாக இரண்டு நாள், அருகிலுள்ள மாடியில் ஒரு கேமராவை வைத்து, நிறுத்தக்கோட்டின் நீளத்தையும் சாலையின் அகலத்தையும் நாடாவால் அளந்து, பதிவு செய்து வைக்க வேண்டும்.